நாலாயிரம் ரூபாய் லிப்ஸ்டிக்கும் நானூறு ரூபாய் லிப்ஸ்டிக்கும்

பிரான்ஸின் லோரியல் நிறுவனம் 1964-இல் லான்கோமை வாங்கியது. 1996-இல் அமெரிக்காவின் மேபலினை வாங்கியது. லான்கோம், பெரிய மால்களின் கண்ணாடி கவுன்டரில் வைத்து விற்கப்படுவது. மேபலின், நம் தெருமுனை ஃபேன்சி ஸ்டோரிலும் கிடைப்பது. இரண்டின் மஸ்காராவுக்கும் விலையில் பல மடங்கு வித்தியாசம். எதை வாங்கினாலும் லாபம் ஒரே கல்லாவுக்குத்தான் போகிறது.

தயாரிப்பிலும் இப்படித்தான். மேக்கப் பொருட்களை விற்கும் நிறுவனங்களில் பல சொந்தமாகத் தயாரிப்பதில்லை. 1972-இல் இத்தாலியில் தொடங்கப்பட்ட இன்டர்காஸ், தென்கொரியாவின் காஸ்மேக்ஸ் போன்றவை பிறருக்காகத் தயாரித்துக் கொடுப்பதையே தொழிலாகக் கொண்டவை. விலை உயர்ந்த பிராண்டுகளுக்கும் சாதாரண பிராண்டுகளுக்கும் அங்கிருந்து சரக்கு போகிறது. ஃபார்முலா வேறு வேறாக இருக்கலாம். ஆனால் ஒன்றைத் தேவலோகத்திலும் மற்றதைத் தெருவோரத்திலும் செய்வதில்லை.

முதல் சம்பளத்தில் பாதியை ஒரு ஃபவுண்டேஷனுக்கும் இரண்டு லிப்ஸ்டிக்குக்கும் கொடுத்துவிடும் பெண்கள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். 'விலை குறைந்ததைப் பூசினால் முகம் கெட்டுவிடும்' என்ற பயம்தான் பெரும்பாலும் காரணம். அந்தப் பயத்தில் எவ்வளவு உண்மை இருக்கிறது என்று பார்ப்போம்.

குழாய்க்குள் இருப்பது என்ன?

லிப்ஸ்டிக்கின் அடிப்படை எளிது: எண்ணெய், மெழுகு, நிறமி. எண்ணெயில் முக்கியமானது ஆமணக்கெண்ணெய். உலகிலேயே அதை மிக அதிகமாகத் தயாரிப்பது இந்தியா. மெழுகு, தேனடையிலிருந்தும் பிரேசில் நாட்டுக் கார்னாபா பனையின் இலையிலிருந்தும் வருகிறது. நிறத்துக்கு இரும்பு ஆக்ஸைடுகள், டைட்டானியம் டை ஆக்ஸைடு, அனுமதிக்கப்பட்ட சாயங்கள். நாலாயிரத்திலும் நானூறிலும் இந்தப் பட்டியல் பெரிதாக மாறாது.

பிறகு விலை எதற்கு? கனமான உலோக உறை, நடிகையின் விளம்பர ஒப்பந்தம், மால் வாடகை, இறக்குமதி வரி எல்லாம் அதில் அடக்கம். நிறமியை இன்னும் மென்மையாக அரைப்பது, உதட்டில் வழுக்கிக்கொண்டு போகும் பதத்தைக் கொண்டுவருவது ஆகிய வேலைகளுக்கும் ஒரு பங்கு உண்டு. அது உண்மையான உழைப்பு. ஆனால் பத்து மடங்கு விலையை அது மட்டும் நியாயப்படுத்தாது.

விலைச்சீட்டுக்கும் ஒரு சக்தி உண்டு. ஸ்டான்ஃபோர்டு, கால்டெக் ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்ட சோதனையில் ஒரே ஒயினை இரண்டு விலை சொல்லிக் கொடுத்தார்கள். விலை அதிகம் என்று சொன்னபோது அது கூடுதல் ருசியாக இருப்பதாகக் குடித்தவர்கள் சொன்னார்கள்; இன்பத்தை உணரும் மூளைப் பகுதியும் கூடுதலாக இயங்கியது. விலை உயர்ந்த காம்பாக்ட்டைத் திறக்கும்போது வரும் தன்னம்பிக்கையும் பொய்யல்ல. அந்த மகிழ்ச்சிக்காக வாங்குபவர் தாராளமாக வாங்கலாம். சருமத்துக்கு நல்லது என்று நம்பி, கடன் சொல்லி வாங்க வேண்டியதில்லை.

எங்கே மிச்சம் பிடிக்கலாம்?

கண்ணுக்குப் போடுவதில் தாராளமாக மிச்சம் பிடிக்கலாம். மஸ்காராவின் பிரஷ் ஒவ்வொரு முறையும் கண்ணருகே போய்விட்டு ஈரக் குழாய்க்குள் திரும்புகிறது. கிருமி வளர ஏற்ற இடம் அது. அதனால்தான் மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் அதைத் தூக்கி எறியச் சொல்கிறார்கள். மூவாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கியவருக்கு எறிய மனம் வராது. ஒரு வருடம் வைத்துப் போட்டுக்கொண்டு கண்ணைக் கெடுத்துக்கொள்வார். 1971-இல் வந்த மேபலின் கிரேட் லாஷ் மஸ்காரா மலிவான சரக்குதான். தொழில்முறை மேக்கப் கலைஞர்களின் பெட்டிகளில் அது இத்தனை ஆண்டுகளாக இடம்பிடித்திருக்கிறது.

வாங்கும்போது கிராம் கணக்கையும் பாருங்கள். 0.35 கிராம் காஜல் பென்சில் 200 ரூபாய் என்றால் ஒரு கிராம் ஏறத்தாழ 570 ரூபாய். 3.5 கிராம் லிப்ஸ்டிக் 700 ரூபாய் என்றால் கிராம் 200 ரூபாய்தான். சின்னப் பொருள் எல்லாம் மலிவுப் பொருள் ஆகிவிடாது.

எங்கே செலவு செய்யலாம்?

ஃபவுண்டேஷனில். மாநிறமும் கறுப்பும்தான் நம் ஊரின் இயல்பான நிறங்கள். அந்த நிறத்துக்குள்ளேயே மஞ்சள் சாயல், சிவப்புச் சாயல், ஆலிவ் சாயல் என்று வேறுபாடுகள் உண்டு. விலை குறைந்த வரிசைகளில் பல, வெளிர் நிறத்தில் தொடங்கி மாநிறத்தோடு நின்றுவிடுகின்றன. ஒவ்வொரு ஷேடையும் தனியாகக் கலக்க வேண்டும், தனியாக இருப்பு வைக்க வேண்டும். சிறிய கடையின் அலமாரியில் இடமும் கம்மி. கணக்குப் போடும்போது முதலில் வெட்டப்படுவது கறுப்பு நிறம்தான். பொருந்தாத வெளிர் ஷேடைப் பூசிக்கொண்டால் முகத்தில் சாம்பல் பூத்தது போலத் தெரிகிறது. பழி, அதைப் பூசிக்கொண்டவரின் நிறத்தின்மேல் விழுகிறது. குற்றம் ஷேடைத் தயாரிக்காதவருடையது.

2017-இல் பாடகி ரிஹானா தொடங்கிய ஃபென்டி பியூட்டி, முதல் நாளே 40 ஷேடுகளோடு வந்தது. அதன் பிறகு மற்ற நிறுவனங்களும் ஷேடுகளைக் கூட்ட வேண்டி வந்தது. மலிவு வரிசைகளிலும் இன்று முன்பைவிட நிலைமை தேவலாம். முதலில் அங்கே தேடுங்கள். தாடை ஓரத்தில் தடவி, கடைக்கு வெளியே வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். சிறிது நேரத்தில் நிறம் கறுக்கிறதா என்றும் கவனியுங்கள். பொருந்தியது கிடைக்காவிட்டால் கூடுதல் விலை கொடுப்பதில் அர்த்தம் இருக்கிறது.

கல்யாண மேக்கப்பில் பிராண்டின் பெயரைச் சொல்லியே பேக்கேஜ் விலை ஏற்றுகிறார்கள். சிலிக்கா மிகுந்த 'எச்.டி.' பவுடரைக் கூடுதலாகப் போட்டால் ஃபிளாஷ் வெளிச்சத்தில் முகத்தில் வெள்ளைத் திட்டு விழும்; அது எந்த விலைப் பவுடராக இருந்தாலும் சரி. பிராண்டைக் கேட்பதற்கு முன், ஃபிளாஷ் போட்டு ஒரு டிரையல் படம் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

எங்கே ஏமாறக் கூடாது?

உண்மையான ஆபத்து மலிவில் இல்லை, போலியில் இருக்கிறது. நம் நாட்டின் 2020 அழகுசாதன விதிகள் எல்லா விலைக்கும் ஒன்றே. நிறமிகளில் ஈயம் 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு) அளவைத் தாண்டக் கூடாது. கண்ணுக்கான பொருட்கள் தவிர மற்றவற்றில், தற்செயலாகக் கலந்த பாதரசம்கூட 1 பிபிஎம் அளவுக்குள் இருக்க வேண்டும். முகவரியில்லாத சரக்கு எந்த விதிக்கும் கட்டுப்படுவதில்லை. பாதரசம் கலந்த சிவப்பழகு கிரீம்களால் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் சிலருக்குச் சிறுநீரகமே பாதிக்கப்பட்டது 2023-இல் வெளியே வந்தது. அந்த மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்று பெயரிட்டுக் கடை கடையாகச் சோதனை நடத்தியது.

பெட்டியின் பின்பக்கத்தைப் படியுங்கள். உள்நாட்டுப் பொருளில் தயாரிப்பு உரிம எண், இறக்குமதிப் பொருளில் பதிவு எண், பேட்ச் எண், காலாவதித் தேதி எல்லாம் இருக்க வேண்டும். மூலப்பொருள் பட்டியலில் அதிகம் உள்ளது முதலில் வரும். ஒரு சதவீதமும் அதற்குக் குறைவானதும் கடைசியில் எந்த வரிசையிலும் வரலாம். முன்பக்கத்தில் பெரிதாக விளம்பரப்படுத்தும் சத்து, பின்பக்கத்தில் கடைசி வரியில் கிடந்தால் முடிவெடுப்பது சுலபம். பிரபல பிராண்டின் பெயரில் நடைபாதையில் கால் விலைக்குக் கிடைப்பதைத் தொடவே வேண்டாம்.

கண் மையில் மிச்சம் பிடித்த காசை, நிறத்துக்குப் பொருந்தும் ஃபவுண்டேஷனில் போடுங்கள். கறுப்புக்குரிய ஷேடு இல்லாத கடையில், 'ஏன் இல்லை?' என்று கேட்டுவிட்டு வாருங்கள். கேட்கக் கேட்கத்தான் அலமாரியில் இடம் கிடைக்கும்.