கண்டதும் கருதியதும்

ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில் பெங்களூர் மாணவர் ஒருவர் செய்யத்தக்க நற்காரியங்கள் பல உண்டு. துணி துவைக்கலாம், கப்பன் பூங்காவில் உலாவலாம், திங்களன்று கொடுக்க வேண்டிய கட்டுரையைத் தொடங்கலாம். இவற்றையெல்லாம் விட்டுவிட்டு, விடுதியின் பொது அறையில் தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன் அமர்ந்து, அறுபது எழுபது ஆண்டுகளுக்கு முன் வந்த துப்பறியும் படங்களைப் பார்ப்பவன் நான். "கொலை செய்தவர் யார் என்பது உன் தாத்தாவுக்கே தெரியுமே! அதை இப்போது உட்கார்ந்து பார்ப்பானேன்?" என்று நண்பர்கள் கேலி செய்வார்கள். அந்தக் கேள்விக்கு விடை சொல்லவே இக்கட்டுரை. விடை சொல்லும்போது என் குற்றம் ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

துப்பறியும் கதை தமிழுக்குப் புதிதன்று. ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே. ஆர். ரங்கராஜு ஆகியோர் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே இத்தகைய நாவல்களை எழுதிக் குவித்துவிட்டார்கள். வடுவூராரின் 'திகம்பர சாமியார்' 1950-இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரிப்பாகத் திரைக்கு வந்தது. பிற்காலத்தில் வில்லன் என்றாலே நம் நினைவுக்கு வரும் எம். என். நம்பியார், அதில் பல வேடங்களில் புகுந்து உண்மையைக் கண்டுபிடிக்கும் கதாநாயகர். நம்பியார் திரையில் தோன்றியதும், "இவன்தான் திருடன்!" என்று நம் விடுதியில் ஒருவர் கூவினார். படம் முடிந்தபின் அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்!

இவ்வகைப் படங்களின் சுவை எங்கே இருக்கிறது? முடிவு தெரியாமல் இருப்பதில்தான் இருக்கிறது என்று பலர் எண்ணுகிறார்கள். அஃது உண்மையானால் ஒரு முறை பார்த்த படத்தை மறுமுறை பார்க்க ஒருவரும் வரமாட்டார்கள். ஆங்கிலப் பட உலகின் பேராசான் ஆல்பிரட் ஹிட்ச்காக் இதற்கு ஓர் எளிய உதாரணம் சொன்னார். இருவர் மேசையில் அமர்ந்து பேசுகிறார்கள். மேசையின் அடியில் வெடிகுண்டு இருக்கிறது. நமக்கு அது தெரியாவிட்டால், குண்டு வெடிக்கும்போது சில விநாடி அதிர்ச்சி. முன்கூட்டியே தெரிந்திருந்தால், அவர்கள் பேசும் ஒவ்வொரு வீண் பேச்சும் நமக்கு நெஞ்சிடிப்பு.

தமிழில் இதனைச் செய்து காட்டியவர் எஸ். பாலசந்தர். ஆம், வீணையால் உலகப் புகழ் பெற்ற அதே பாலசந்தர்தான். 1964-இல் அவர் எடுத்த 'பொம்மை'யில் ஒரு பொம்மைக்குள் வெடிகுண்டு இருக்கிறது. ஒருவரைக் கொல்ல வைத்த அந்தப் பொம்மை கைதவறிப் போய், சென்னை நகரில் கை மாறிக் கை மாறிச் செல்கிறது. வைத்தவர் யார், எதற்காக வைத்தார் என்பதெல்லாம் நமக்குத் தெரியும். தெரிந்ததனால்தான் நாற்காலியின் நுனிக்கு வருகிறோம்.

அடுத்துச் சொல்லப் போவது 'புதிய பறவை'. இப்படத்தை இன்னும் பார்க்காத நண்பர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிச் செல்க. படத்தைப் பார்ப்பதற்கு முன்பே என் அறைத் தோழர் முடிவைப் போட்டு உடைத்துவிட்டார். மூன்று நாள் அவரோடு பேசவில்லை! இருந்தும் படத்தைப் பார்த்தேன். 1964-இல் வந்த இப்படத்தில், சிங்கப்பூரிலிருந்து கப்பலில் திரும்பும் கோபால், லதா என்னும் பெண்ணைச் சந்தித்துக் காதல் கொள்கிறான். இறந்துபோன தன் மனைவியின் பெயரைச் சொல்லிக்கொண்டு ஒருத்தி வீட்டுக்கே வந்து நிற்கிறாள். அவள் பொய்க்காரி என்று நிலைநாட்டப் போராடும் கோபால், இறுதியில் தன் வாயாலேயே தன் குற்றத்தைச் சொல்லிவிடுகிறான். அப்போதுதான் தெரிகிறது, லதா உள்ளிட்ட அனைவரும் போலீசார் என்பது. முடிவு தெரியாதவர் கோபாலாக வரும் சிவாஜி கணேசனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். முடிவு தெரிந்த நானோ லதாவின் முகத்தைப் பார்த்தேன். கடமைக்காகப் பழக வந்து, பழகியவனிடம் மெய்யாகவே மனத்தைப் பறிகொடுத்த பெண் அவள். ஒவ்வொரு புன்னகையிலும் எது வேடம், எது உண்மை? லதாவாக நடித்த பி. சரோஜாதேவி, நம் பெங்களூரிலேயே பிறந்து, 2025 ஜூலை 14-ஆம் நாள் இந்நகரிலேயே மறைந்தவர். அந்தச் செய்தி வந்தபின் இப்படத்தை மீண்டும் பார்த்தபோது, தமிழ்த் திரையின் மிகச் சிறந்த பெண் துப்பறிவாளர் அவர்தான் என்று எனக்குத் தோன்றியது.

இதிலிருந்து நான் அறிந்தது ஒன்று. முதல் முறை பார்க்கும்போது, நாம் எதைக் கருத வேண்டும் என்று படம் விரும்புகிறதோ அதையே கருதுகிறோம். இரண்டாம் முறைதான், கண்ணெதிரே உண்மையில் என்ன இருக்கிறது என்பதைக் காண்கிறோம். காண்பது வேறு, கருதுவது வேறு. இரண்டையும் பிரித்தறிவதே துப்பறியும் கலை. அக்கலையை நம்மையும் பழகச் செய்வதே இப்படங்கள் தரும் இன்பம்.

இதற்குத் தலைசிறந்த சான்று 'அந்த நாள்'. 1954 ஏப்ரலில் ஏவி.எம். நிறுவனம் வெளியிட்ட படம். இயக்கிய பாலசந்தருக்கு அப்போது வயது 27. தமிழில் பாட்டே இல்லாமல் வந்த முதல் படம் இது, நடனமும் இல்லை. ஒரு படத்தில் பத்துப் பாட்டு இருந்தாலும் குறைவென்று கருதிய காலத்தில் இதற்கு எவ்வளவு துணிவு வேண்டும்! வந்த காலத்தில் படம் பெரிய வசூலைப் பெறவில்லை. இன்று அக்காலத்துப் பெருவெற்றிப் படங்கள் பல மறந்துபோயின. 'அந்த நாள்' நிற்கிறது.

படம் தொடங்கியதுமே துப்பாக்கி வெடிக்கிறது. கதாநாயகர் சிவாஜி கணேசன் தள்ளாடி விழுந்து இறக்கிறார்! 1943 அக்டோபரில் ஜப்பானிய விமானம் சென்னை மீது குண்டு வீசிய நாளை ஒட்டி நடக்கும் கதை. இறந்தவன் ராஜன் என்னும் ரேடியோ எஞ்சினீயர். விசாரிக்க வருகிறார் சி.ஐ.டி. சிவானந்தம். அந்த வேடத்தைத் தாங்கியவர், படத்துக்குத் திரைக்கதை எழுதிய ஜாவர் சீதாராமனே. அண்டை வீட்டுக்காரர், தம்பி, தம்பியின் மனைவி, ராஜனோடு பழகிய பெண் ஒருத்தி, ராஜனின் மனைவி என ஐவர் மீது ஐயம் விழுகிறது. ஒருவர் மாற்றி ஒருவர் தத்தம் கதையைச் சொல்கிறார்கள். ஒவ்வொருவர் கதையிலும் ராஜன் ஒவ்வொரு விதமான மனிதன்.

ஜப்பானிய மேதை குரோசாவாவின் 'ராஷோமான்' (1950) படத்தோடு இதனை ஒப்பிடுவது வழக்கம். ஒரே நிகழ்ச்சியைப் பலர் பலவாறு சொல்வது அதன் கதை. எது உண்மை என்பதை அது தீர்த்துச் சொல்லாமலே விடுகிறது. 'அந்த நாள்' அப்படியன்று. உண்மையைக் கண்டே தீர்கிறது. கொலையாளி யார் என்பதை நான் எழுதப் போவதில்லை. அறைத் தோழர் எனக்குச் செய்ததை உங்களுக்கு நான் செய்வது நியாயமாகுமா?

இப்படத்தைப் பொது அறையில் பார்த்த அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தியேட்டரில் வாய் திறந்தால் முன் வரிசைக்காரர் திரும்பி முறைப்பார். தொலைக்காட்சியில் அந்தத் தொல்லை இல்லை. விளம்பரம் வந்ததும் எல்லாரும் சிவானந்தங்களாகி விடுவோம். "தம்பிதான்!" என்பார் ஒருவர், "இல்லை, அண்டை வீட்டார்!" என்பார் மற்றொருவர். டீயும் பன்னும் பந்தயப் பொருள்கள். ஹாசனிலிருந்து வந்து படிக்கும் கன்னட நண்பர், ராஜனின் மனைவியாக வரும் பண்டரிபாயைக் கண்டதும், "இவர் எங்கள் 'பேடர கண்ணப்ப' கதாநாயகி அல்லவா!" என்று மகிழ்ந்தார். ராஜ்குமார் கதாநாயகராக அறிமுகமான அந்தக் கன்னடப் படமும் இதே 1954-இல் வந்ததுதான். தமிழ் முழுதும் புரியாத அவர், எங்களைவிடக் கூர்மையாகப் பார்த்தார். பேச்சில் மயங்க வழியில்லாததால், முகங்களையும் கைகளையுமே கவனித்துக்கொண்டிருந்தார். ஓரிடத்தில் அவர் கேட்டார்: "இதை இவர் பார்த்தாரா? அல்லது இப்படித்தான் நடந்திருக்கும் என்று சொல்கிறாரா?"

அந்தக் கேள்வி என்னைச் சுட்டது. ஏன் என்று இப்போது சொல்கிறேன்.

அதற்கு இரண்டு நாள் முன்பு, வெள்ளிக்கிழமை, எங்கள் விடுதியில் நண்பர் ஒருவரின் தேர்வுக் கட்டணப் பணம் காணாமற்போயிற்று. ஆறாயிரம் ரூபாய். மெஸ்ஸில் பரிமாறும் இளைஞர் ஒருவர் மீது எல்லாருக்கும் ஐயம். அவர் ஒடிசாவிலிருந்து வந்தவர்; எங்களில் எவருக்கும் அவர் மொழி தெரியாது; அவருக்கு எங்கள் மொழி தெரியாது. வார்டன் எங்களை ஒவ்வொருவராக அழைத்து விசாரித்தார். "அவர் அந்த அறையிலிருந்து வெளியே வந்ததைப் பார்த்தேன்" என்று நான் சொன்னேன். அன்றே அந்த இளைஞரை வேலைக்கு வர வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள்.

நான் பார்த்தது என்ன? மாடி வராந்தாவில், அந்த அறைக்கு அருகே, காலித் தட்டுகளோடு அவர் நடந்து வந்தார். அவ்வளவே. அறைக்குள்ளிருந்து வந்ததை நான் பார்க்கவில்லை. பணம் போயிற்று என்று கேட்டபின், நடந்து வந்த மனிதரை என் மனமே அறைக்குள் கொண்டுபோய் விட்டு வெளியே அழைத்து வந்திருக்கிறது. பொய் சொல்கிறோம் என்ற எண்ணமே எனக்கு இல்லை. 'அந்த நாள்' படத்துச் சாட்சிகளைப் போல, நான் கருதியதைக் கண்டதாகவே நம்பினேன்.

படம் முடிந்ததும் வார்டனிடம் போனேன். கண்டது இது, கருதியது இது என்று பிரித்துச் சொன்னேன். நாக்கு எழவில்லை, எனினும் சொன்னேன். செவ்வாய்க்கிழமை பணம் கிடைத்தது. பறிகொடுத்த நண்பரே தம் ரெக்கார்டு நோட்டின் பழுப்பு அட்டைக்குள் பத்திரமாகச் செருகி வைத்து மறந்திருந்தார்! ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். பணம் கிடைக்காமலே போயிருந்தாலும், அந்த இளைஞரே எடுத்திருந்தாலுங்கூட, நான் முதலில் சொன்ன சாட்சி பொய்ச்சாட்சிதான். அவர் வேலைக்குத் திரும்பி வந்தார். ஆனால் பல வாரங்கள் எங்கள் மேசைக்கு மட்டும் பரிமாற வரவில்லை. வேறொருவர் வருவார்.

நம் முன்னோர் இதனை அறியாதவர் அல்லர். சிலப்பதிகாரத்தை நினைத்துப் பாருங்கள். பொற்கொல்லன் ஒருவன் சொல்லை மட்டும் நம்பி, ஆராயாமல், பாண்டியன் கோவலனைக் கொல்வித்தான். கண்ணகி அவைக்கு வந்து அழுதுவிட்டு மட்டும் போயிருந்தால், அவள் சொல்லும் இன்னொரு சொல்லாகவே போயிருக்கும். அவள் பொருளைச் சான்றாக வைத்தாள். அரசியின் சிலம்பில் இருப்பது முத்து. தன் சிலம்பில் இருப்பது மாணிக்கம். சிலம்பு உடைந்தது, மாணிக்கம் தெறித்தது, வழக்குத் தீர்ந்தது. தமிழின் முதல் துப்பறியும் காட்சி இதுதான் என்றால் மிகையாகுமா? வள்ளுவரும் ஒற்றாடல் என்று ஓர் அதிகாரமே வகுத்து, ஓர் ஒற்றன் கொண்டு வந்த செய்தியையும் மற்றோர் ஒற்றனைக் கொண்டு ஒத்துப் பார்க்கச் சொன்னார். மெஸ் இளைஞர் விஷயத்தில் என் சொல்லை ஒத்துப் பார்த்தவர் எவருமில்லை. அவரையே கேட்க ஒரு மொழிபெயர்ப்பாளரைத் தேடியவரும் இல்லை.

ஆகவே நண்பர்களே, தொலைக்காட்சியில் பழைய துப்பறியும் படம் ஒன்று வருகிறதென்று தெரிந்தால், தவறாமல் பாருங்கள். முதல் காட்சியிலிருந்தே பாருங்கள். பாதிச் சான்று அங்கேயே கிடக்கும். விளம்பர இடைவேளையில் பந்தயம் கட்டுங்கள். ஆனால் கட்டுமுன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இதுவரை நான் கண்டது எது, பிறர் சொல்லக் கேட்டது எது? முடிவு தெரிந்துவிட்டதே என்று எழுந்து போகாதீர்கள்; அப்போதுதான் படம் உண்மையில் தொடங்குகிறது. பார்த்தபின் முடிவை மட்டும் பிறரிடம் சொல்லாதீர்கள்.

எனக்குப் பந்தயத்தில் அன்று தோல்வி. வென்றவர் ஹாசன் நண்பர். அவருக்கு வாங்கிய டீயோடு இன்னொரு டீயும் வாங்கி, பரிமாறும் இளைஞரிடம் கொண்டுபோய் நீட்டினேன். அது நடந்தது அன்றல்ல. பல வாரங்களுக்குப் பிறகு, அவர் எங்கள் மேசைக்கு மீண்டும் வந்த நாளில். அவர் வாங்கிக்கொண்டார். ஒன்றும் பேசவில்லை. அவர் என்னை மன்னித்துவிட்டார் என்று எழுத ஆசைதான்; ஆனால் நான் கண்டது, அவர் டீயை வாங்கிக்கொண்டதை மட்டுமே.