நெஞ்சுக் கணுக்களும் நிழற்படமும்

கொல்கத்தாவின் தென்பகுதியில் உள்ள ஜாதவ்பூர், நெடுங்காலம் க்ஷயரோக மருத்துவமனையால் பெயர் பெற்றிருந்தது. வங்கக் கவிஞர் சுகாந்த பட்டாசார்யா 1947 மே மாதத்தில், தமது 20-ஆம் வயதில், அங்கேதான் காலமானார். டாக்டர் குமுத் சங்கர் ராய் பெயர் தாங்கிய அவ்விடத்தில் இன்று மருத்துவக் கல்லூரி நடைபெறுகிறது. க்ஷயமோ நாட்டை விட்டு நீங்கவில்லை. எனவே, மார்புப் படத்தில் நெறி கட்டியிருக்கக் கண்டால், முதலில் ஐயுறப்படுவது அதுவே. இது இயல்பு, ஆயினும் எப்போதும் சரியாகிவிடாது.

தொண்டையில் புண் வந்தால் கழுத்தில் நெறி கட்டுவதை நாம் அறிவோம். மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியும் இடத்திலும், நுரையீரலின் வாயிலிலும் அத்தகைய நிணநீர்க் கணுக்கள் உள்ளன. கையால் தடவிப் பார்க்க இயலாத இடம். ஆதலால் படம் வேண்டியதாகிறது. 1895-இல் ராண்ட்ஜன் கண்டறிந்த எக்ஸ் கதிரால் எடுக்கும் படத்தில் உறுப்புகளின் நிழல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுவதால், சிறு கணுக்கள் மறைந்துபோகும். ஹவுன்ஸ்ஃபீல்டு அமைத்த சி.டி. கருவி 1971-இல் முதல் நோயாளியைப் படம் பிடித்தது. வாழைத்தண்டை வில்லை வில்லையாக அரிந்து பார்ப்பதுபோல் அது உடலைக் காட்டும். கணுவின் குறுக்களவு 10 மில்லிமீட்டரைத் தாண்டினால் வீக்கம் எனக் கொள்வது பொதுவான வழக்கம்.

இரத்தக்குழாயில் மருந்து செலுத்திப் படமெடுக்கையில், க்ஷயக் கணுவின் நடுப்பகுதி பாலாடைக்கட்டிபோல் அழிந்திருப்பதால் கருத்தும், ஓரம் வளையமாக ஒளிர்ந்தும் தோன்றுவதுண்டு. அது பெரும்பாலும் ஒரு பக்கத்தையே பற்றும். சார்க்காய்டோசிஸ் என்னும் நோயிலோ, இரு நுரையீரல் வாயில்களிலும் கணுக்கள் ஏறத்தாழ ஒத்த அளவில் வீங்கும். லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோய், மார்பெலும்பின் பின்புறத்தில் கணுக்களை ஒன்றாய்த் திரட்டிப் பெருங்கட்டியாக்குவது மிகுதி.

இவ்விலக்கணங்களுக்கெல்லாம் விலக்குகள் உண்டு. புற்றைக் காட்டுவதற்கெனப் புகழப்படும் 'பெட்' படத்தில் இம்மூன்று நோய்களுமே ஒளிரக்கூடும். க்ஷயம் மலிந்த நாட்டில் அவ்வொளியை மட்டும் நம்பலாகாது. பிழையின் விலை பெரிது. சார்க்காய்டோசிஸுக்குரிய ஸ்டீராய்டை, க்ஷயம் உள்ளவருக்குத் தனியே அளித்தால் கிருமி பரவும். புற்றுநோயாளிக்குக் க்ஷய மருந்தை அளித்தால் அரிய மாதங்கள் வீணாகும். ஆதலின், எங்கே ஊசியிட வேண்டும் என்பதைப் படம் சுட்ட, மூச்சுக்குழலுள் செலுத்தும் அல்ட்ராசவுண்ட் குழாய் வழியே திசுவை எடுத்துச் சோதிப்பதே முடிவைத் தரும்.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இதில் ஒரு தனிச் சங்கடம் உண்டு. நோய் இங்கே, பழைய படங்களோ சொந்த ஊரின் பரணிலே! இரண்டாண்டுகளாக மாறாத கணுவும், இரண்டு மாதங்களில் பெருத்த கணுவும் ஒரே பொருள் தருவன அல்ல. சுண்ணாம்பு படிந்த கணு, என்றோ ஆறிப்போன க்ஷயத்தின் தழும்பாகவும் இருக்கலாம். ஆகவே, ஊருக்குச் செல்வோர் அறிக்கைத் தாளோடு நில்லாமல், படத்தையும் குறுந்தட்டையும் கையோடு எடுத்து வருவது நலம்.