வீட்டை ஓட்டுவதா, இழுப்பதா?

இங்கிலாந்தில் பள்ளி விடுமுறை தொடங்கும் ஜூலைக் கடைசி வாரம். பர்மிங்ஹாம் பக்கமிருந்து எக்ஸிட்டர் வரை இறங்கும் எம்5 நெடுஞ்சாலையில், டெவன், கார்ன்வால் கடற்கரைகளைப் பார்த்து வெள்ளைப் பெட்டிகள் சாரை சாரையாகப் போகும். சில பெட்டிகளைக் கார் இழுத்துப் போகிறது. அது டூரிங் கேரவன். சில பெட்டிகள் தாமே ஓடுகின்றன. முன்னால் ஓட்டுநர் இருக்கை, பின்னால் கட்டில், அடுப்பு, கழிப்பறை. அது மோட்டார்ஹோம். நம் ஊர் சினிமாப் படப்பிடிப்பில் நிற்கும் கேரவனோடு முதலாவதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அதில் நடிகர் ஓய்வெடுப்பார். இதில் குடும்பமே குடியிருக்கும்.

கோவிட் காலத்தில் வெளிநாட்டுப் பயணம் முடங்கியபோது இவை இரண்டுக்குமே பிரிட்டனில் கிராக்கி ஏறியது. லண்டனின் ஹாரோ, குராய்டன், ஈஸ்ட்ஹாம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களும் அப்போதுதான் இந்தப் பக்கம் பார்க்கத் தொடங்கின. புதிது வாங்குவதென்றால் வீட்டுக்கடன் அளவுக்குப் போய்விடும். எனவே பழையதைத் தேடுகிறார்கள். எதை வாங்குவது என்ற கேள்வியோடு நேராக விற்பனை மைதானத்துக்குப் போய் நிற்கிறார்கள். அங்கே போனால் மோட்டார்ஹோம்தான் ஜெயிக்கும். ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்த மாத்திரத்தில் ஸ்காட்லாந்து மலைகள் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்துவிடும். பதில் இருக்கும் இடமோ வேறு: உங்கள் பர்ஸில் இருக்கும் லைசென்ஸ், வாசலில் நிற்கும் கார், சுவரில் தொங்கும் காலண்டர்.

சொகுசுக்காக வீட்டோடு பயணம் போகும் வழக்கம் பிரிட்டனுக்குப் புதிதில்லை. கடற்படை மருத்துவராக இருந்து எழுத்தாளரான வில்லியம் கோர்டன் ஸ்டேபிள்ஸ், 1885இல் பிரிஸ்டல் நகரத்து வண்டித் தொழிற்சாலையில் ‘வாண்டரர்’ என்ற வண்டியைச் செய்வித்தார். இரண்டு குதிரைகள் இழுத்தன. அவருடைய பணியாள் மூன்று சக்கர சைக்கிளில் முன்னே போய், குறுகிய பாதையில் எதிரே யாரும் வராமல் பார்த்துக்கொண்டார். பொழுதுபோக்குக்காகக் கட்டப்பட்ட முதல் கேரவனாக அதைச் சொல்கிறார்கள். 1907இல் கேரவன் கிளப்பே தொடங்கிவிட்டார்கள். அந்த கிளப் இன்றும் இருக்கிறது. 2017இல் தன் பெயரில் மோட்டார்ஹோமையும் சேர்த்துக்கொண்டது.

இனி அந்த மூன்றில் முதலாவது, லைசென்ஸ். 1997 ஜனவரி 1க்கு முன் கார் ஓட்டும் தேர்வில் தேறியவர்களுக்கு 7,500 கிலோ வரையிலான வண்டியை ஓட்டும் உரிமை சேர்ந்தே கிடைத்தது. அதற்குப் பின் தேறியவர்களுக்கு வரம்பு 3,500 கிலோ. பிறகு குடியேறி அங்கே லைசென்ஸ் எடுத்தவர்கள் எல்லோரும் இந்த இரண்டாவது வகை. பழையவர்களுக்கும் எழுபது வயதானால் மருத்துவச் சான்று கொடுத்துத்தான் அந்தப் பெரிய வண்டி உரிமையைத் தக்கவைக்க முடியும். ஓய்வுபெற்ற பிறகு சுற்றலாம் என்று கனமான மோட்டார்ஹோம் வாங்குகிறவர்கள் இதைக் கணக்கில் வைக்க வேண்டும். இந்த இரண்டாவது வகையினர் கனமான கேரவனை இழுக்க முன்பெல்லாம் தனித் தேர்வில் தேற வேண்டியிருந்தது. 2021 டிசம்பர் 16 முதல் அந்தத் தேர்வு இல்லை. சாதாரண கார் லைசென்ஸிலேயே 3,500 கிலோ வரை இழுக்கலாம்.

சட்டம் விட்டாலும் கார் விட வேண்டுமே! ஒவ்வொரு காருக்கும் எவ்வளவு இழுக்கலாம் என்று தயாரிப்பாளர் ஒரு வரம்பு வைத்திருப்பார். சில மின்சார, ஹைபிரிட் கார்களுக்கு இழுக்கவே அனுமதி இல்லை. அதற்கு மேல் கேரவன் கிளப்புகள் புதிதாக இழுக்கிறவர்களுக்கு ஒரு கணக்குச் சொல்கின்றன: சாமான் ஏற்றிய கேரவனின் எடை, காரின் வெற்று எடையில் 85 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. உங்கள் கார் 1,600 கிலோ என்றால் கேரவன் 1,360 கிலோவுக்குள். இது சட்டமல்ல, அனுபவம். கேரவன் கனமாக இருந்து கார் லேசாக இருந்தால், நெடுஞ்சாலையில் பெரிய லாரி ஒன்று கடந்துபோகும்போது எழும் காற்றில் பின்னால் பெட்டி பாம்பு போல நெளியத் தொடங்கும். பயந்து பிரேக்கை ஓங்கி மிதித்தால் காரையும் சேர்த்துக் கவிழ்த்துவிடும். கால் ஆக்சிலரேட்டரிலிருந்து எடுபட வேண்டும், ஸ்டியரிங் நேராக இருக்க வேண்டும், அவ்வளவுதான் செய்யலாம். இதைத் தடுக்கும் வேலை வீட்டு வாசலிலேயே நடக்கிறது. கனமான பொருளெல்லாம் அச்சுக்கு நேர் மேலே, தரையோடு தரையாக. கொக்கியில் இறங்கும் பாரம் கேரவன் எடையில் ஐந்து முதல் ஏழு சதவீதம். அரிசி மூட்டையைக் கேரவனின் பின்கோடியில் ஏற்றாதீர்கள். நம்மவர்கள் செய்யக்கூடியது அதுதான்.

வேகத்திலும் வித்தியாசம் உண்டு. கேரவன் இழுக்கும் கார், சாதாரணச் சாலையில் மணிக்கு 50 மைல், மோட்டார்வேயில் 60 மைலுக்கு மேல் போகக் கூடாது. மூன்று தட மோட்டார்வேயில் வலது ஓரத் தடத்துக்கும் வரக் கூடாது. 3.05 டன்னுக்கு மேற்படாத வெற்று எடையுள்ள மோட்டார்ஹோமுக்குக் காருக்கு உள்ள வேகமே. ஆனால் விடுமுறை முதல் நாளில் எம்5இல் எழுபது மைல் வேகம் யாருக்குக் கிடைக்கப்போகிறது?

லண்டன்வாசிகளுக்கு மட்டும் ஒரு செலவு. 2023 ஆகஸ்ட் 29 முதல் நகரத்தின் எல்லா பரோக்களும் யூலெஸ் எனப்படும் புகைக் கட்டுப்பாட்டு வளையத்துக்குள் வந்துவிட்டன. யூரோ 6 தரத்துக்கு வராத டீசல் வண்டி ஓடும் ஒவ்வொரு நாளும் 12.50 பவுண்டு. மலிவாகக் கிடைக்கும் பழைய மோட்டார்ஹோம்கள் பெரும்பாலும் டீசல். 2016க்கு முந்தையதாக இருந்தால் பெரும்பாலும் இந்தத் தரத்தில் தேறாது. வெள்ளிக்கிழமை ஹாரோவிலிருந்து கிளம்பி ஞாயிற்றுக்கிழமை திரும்பினால் வாசலுக்கு வந்துபோக மட்டும் 25 பவுண்டு. கேரவனுக்கு எஞ்சின் கிடையாது. இழுக்கும் கார் தேறினால் கட்டணமே இல்லை. சாலை வரி இல்லை, வருடாந்தர எம்ஓடி சோதனையும் இல்லை.

அங்கேதான் கேரவனின் ஆபத்தும் இருக்கிறது. வருடா வருடம் யாரும் சோதிக்காத வண்டி அது. டயர் பட்டன் தேயாமல் புதிது போலவே இருக்கும், ரப்பர் உள்ளுக்குள் செத்திருக்கும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் பாருங்கள்: 2317 என்றிருந்தால் 2017ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. ஐந்து ஆண்டு தாண்டினால் மாற்ற யோசிக்க வேண்டும், ஏழு தாண்டினால் யோசிக்கவே வேண்டாம், மாற்றுங்கள். பிரேக்கும் அப்படித்தான். சர்வீஸ் புத்தகத்தில் ஆண்டுதோறும் முத்திரை விழுந்திருக்கிறதா என்பது இங்கே முக்கியம்.

ஓதம் என்னும் எமன்

கேரவனோ மோட்டார்ஹோமோ, பழையதை வாங்குகிறவரின் பணத்தை விழுங்குவது ஓதம். பழைய தயாரிப்புகளில் மரச்சட்டத்தின் மேல் அலுமினியத் தகடு, உள்ளே பலகை. மூட்டுகளை ஒட்டுப்பசை அடைத்திருக்கும். சாலை அதிர்வில் பசை விரியும், மழைநீர் உள்ளே போகும், சட்டம் ஆண்டுக்கணக்கில் மெல்ல உளுத்துப்போகும். வெளியே ஒன்றும் தெரியாது. இதற்குப் பயந்துதான் பிரிஸ்டலின் பெய்லி நிறுவனம் சட்டத்துக்கு அலுமினியம் பக்கம் போனது. ஹல் அருகே காட்டிங்ஹாமில் இருக்கும் ஸ்விஃப்ட் நிறுவனம் உடற்கூட்டிலிருந்து மரத்தை விலக்கியது.

ஈரமானி என்ற சின்னக் கருவி கடையில் கிடைக்கும். இரண்டு ஊசிமுனை கொண்ட அதைச் சுவரில் வைத்தால் ஈரத்தின் சதவீதம் காட்டும். பதினைந்துக்குள் என்றால் நிம்மதி. இருபதைத் தாண்டினால் கசிவு எங்கே என்று தேட வேண்டும். முப்பதைத் தாண்டியதை விட்டு விலகிவிடுங்கள், விற்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும். ஜன்னல் மூலைகள், கூரைத் திறப்பைச் சுற்றிய இடம், முன்பக்கக் கீழ் மூலைகள், கட்டிலுக்கு அடியில் உள்ள பெட்டிகளின் பின்சுவர், இவையெல்லாம் பார்க்க வேண்டியவை. கட்டைவிரலால் அழுத்தினால் பலகை உள்வாங்குகிறதா? வாசலருகிலும் சிங்க்கின் முன்னாலும் தரை மெத்தென்று அமுங்குகிறதா? உள்ளே நுழைந்ததும் வாசனைத் திரவம் தூக்கலாக அடித்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும். எதை மறைக்க அது?

நம் சமையலுக்கும் இதில் பங்குண்டு. தகரப் பெட்டிக்குள் சோறு வடித்து, சாம்பார் கொதிக்கவிட்டு, ஜன்னலையும் அடைத்து வைத்தால் நீராவி சுவரில்தான் போய் இறங்கும். கூரைத் திறப்பைத் திறந்து வையுங்கள். தாளிப்பை வெளியே கூடாரத் தாழ்வாரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வண்டிக்காரரும் சந்தோஷப்படுவார். மின்சாரமும் அளந்துதான் வரும். முகாம்களில் பல இடங்களில் 10 ஆம்பியர், சில இடங்களில் ஆறே ஆம்பியர். பத்து என்றால் 2,300 வாட். ரைஸ் குக்கர் ஓடும்போது ஹீட்டரைப் போட்டால் கரண்ட் போய்விடும். வீட்டில் இருக்கும் மூவாயிரம் வாட் கெட்டில் தனியாகவே அந்த வேலையைச் செய்யும்.

எஞ்சின் உள்ள வீடு

பழைய கேரவனில் பார்க்க வேண்டியது வீட்டை மட்டும். பழைய மோட்டார்ஹோமில் வீட்டையும் பார்க்க வேண்டும், லாரியையும் பார்க்க வேண்டும். ஐரோப்பிய மோட்டார்ஹோம்களில் பெரும்பாலானவை ஃபியட் டுகாட்டோ வேனின் மேல் கட்டப்பட்டவை. 2006இல் வந்த தலைமுறையின் தொடக்க வண்டிகளில், ரிவர்ஸில் மேடேறும்போது வண்டி உதறும் கோளாறு பேர்போனது; வாங்குமுன் மேட்டில் பின்னோக்கி ஏற்றிப் பாருங்கள். ‘இருபது வருடத்தில் இருபதாயிரம் மைல்தான் ஓடியது’ என்பதை விற்பவர் பெருமையாகச் சொல்வார். அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. நின்றே கிடந்த வண்டியில் பிரேக் துருப்பிடிக்கும், ரப்பர் குழாய்கள் வெடிக்கும், பேட்டரி சாகும். டைமிங் பெல்ட் மைல் கணக்கில் மட்டுமல்ல, வருடக் கணக்கிலும் மாற்ற வேண்டியது.

இன்னும் இரண்டு பொறிகள். நான்கு பேர் படுக்கலாம் என்று விளம்பரத்தில் இருக்கும். சீட் பெல்ட் இரண்டு பேருக்குத்தான் இருக்கும். குழந்தைகள் உள்ளவர்கள் கட்டிலை எண்ணாமல் பெல்ட்டை எண்ண வேண்டும். அடுத்தது எடை. 3,500 கிலோ வண்டியில், கட்டுமானம் போக ஏற்றக்கூடிய பாரம் சில வண்டிகளில் முந்நூறு, நானூறு கிலோதான். நூறு லிட்டர் தண்ணீர் நிரப்பினால் நூறு கிலோ போயிற்று. மிச்சத்தில் ஆட்கள், சைக்கிள், மெத்தை, மளிகை. வழியில் நிறுத்தி எடை போட்டால் அபராதம் ஓட்டுநர் தலையில்.

காகிதங்களும் வேறு வேறு. மோட்டார்ஹோமுக்கு வி5சி என்ற பதிவேடு உண்டு. கேரவனுக்கு அப்படி அரசுப் பதிவு இல்லை. 1992 முதல் பெரும்பாலான பிரிட்டிஷ் கேரவன்களுக்கு ‘கிரிஸ்’ என்ற தனிப்பதிவு இருக்கிறது. பதினேழு இலக்க எண் சட்டத்திலும் ஜன்னல் கண்ணாடிகளிலும் பொறித்திருக்கும். எண் சுரண்டப்பட்டிருந்தால் திருட்டு வண்டியாக இருக்கலாம். கடன் பாக்கி இருக்கிறதா என்பதை இரண்டுக்குமே விசாரியுங்கள்.

இத்தனையும் பார்த்தபின் வாழ்க்கைமுறைக்கு வருவோம். கேரவனை முகாமில் நிறுத்தித் தாங்குகால்களை இறக்கிவிட்டால் கார் விடுதலை. பால் வாங்கப் போகலாம், கடற்கரைக்குப் போகலாம், வேல்ஸில் கார்மார்தன்ஷயரின் ஒற்றைத் தடச் சாலைகளில் ஸ்கந்த வேல் ஆசிரமத்து முருகனைப் பார்க்கப் போகலாம். மோட்டார்ஹோமில் பால் வாங்கக்கூட வீட்டையே கட்டி எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். பல கார் நிறுத்தங்களில் உயரத் தடுப்புக் கம்பி உள்ளே விடாது. பதிலுக்கு, தினம் ஓர் ஊர் பார்ப்பவர்களுக்கு அதைப்போல் வசதி வேறில்லை. மழையில் நனைந்து கேரவனைக் கோர்க்க வேண்டாம், பின்னால் எடுக்கத் திண்டாட வேண்டாம், வந்து நிறுத்தியதும் டீ போடலாம். ஆனாலும் ஸ்காட்லாந்தில் எங்கும் போகலாம் என்று நினைக்காதீர்கள். ஆப்பிள்கிராஸ் ஊருக்கு 626 மீட்டர் ஏறும் பியாலக் நா பா கணவாயின் அடிவாரத்தில், கேரவனுக்கும் பெரிய வண்டிகளுக்கும் இது வழியல்ல என்று பலகையே வைத்திருக்கிறார்கள். இரவில் கண்ட இடத்தில் நிறுத்தித் தூங்கும் உரிமையும் மோட்டார் வண்டிகளுக்குக் கிடையாது. ஸ்காட்லாந்தின் திறந்தவெளி உரிமைச் சட்டம் கால்நடையாகவும் சைக்கிளிலும் வருபவர்களுக்கு.

என் தீர்ப்பு இது. பள்ளி செல்லும் பிள்ளைகள், இழுக்கத் தகுந்த கார், ஒரே ஊரில் ஒரு வாரம் தங்கும் பழக்கம், இவை இருந்தால் பழைய கேரவன். அதே பணத்துக்குப் பாதி வயதுள்ளது கிடைக்கும். கெடுவதற்கு எஞ்சினும் இல்லை. வாசலில் நிறுத்த வீட்டுப் பத்திரம் இடம் தருகிறதா என்று மட்டும் பாருங்கள். பல புதிய குடியிருப்புகளில் அதற்குத் தடை உண்டு. பிள்ளைகள் பறந்துவிட்ட தம்பதி, மாதத்தில் இரண்டு முறையாவது கிளம்புகிறவர்கள், ஊர் ஊராக நகர்கிறவர்கள் என்றால் மோட்டார்ஹோம். வருடத்தில் இரண்டு வாரத்துக்காக அதை வாங்குவது வீண். அந்த இரண்டு வாரத்துக்கு வாடகைக்கு எடுத்துவிடலாம்.

எதுவானாலும் ஈஸ்டருக்கு முன் போகாதீர்கள், எல்லோரும் வாங்கும் நேரம் அது. குளிர்காலக் காப்பகக் கட்டணத்துக்குப் பயந்து விற்பவர்கள் வரும் அக்டோபரில் போங்கள். நல்ல மழை பெய்த மறுநாளாகப் பார்த்து, ஈரமானியோடு.