எலிக்குஞ்சுக்கு முதல் 3 நாள்!

ஈ.சி.ஆர்.ல மாமல்லபுரம் போறப்போ வடநெம்மேலி பாம்புப் பண்ணையில வண்டியை நிறுத்தியிருப்பீங்க. 1978-ல இருளர்கள் தொடங்கின கூட்டுறவு சங்கம் அது. பாம்பு மட்டுமில்ல, எலி விஷயத்துலயும் அவங்க கில்லாடிங்க. செங்கல்பட்டு பக்கத்து நெல் வயல்கள்ல வளை தோண்டினா, ஒரு அறையில எலி பதுக்கின நெற்கதிர் இருக்கும். இன்னொரு அறையில வைக்கோல் மெத்தை. அதுதான் பிரசவ வார்டு!

மெத்தை சும்மா இல்ல பாஸ். பிறந்த வெள்ளெலிக் குஞ்சோட எடை 5, 6 கிராம்தான். உடம்புல முடி இல்ல, கண் திறக்கவே 2 வாரம் ஆகும். உடம்புச் சூட்டைத் தானா காப்பாத்திக்கவும் முடியாது. ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, அம்மா வயித்துக்கு அடியில கிடந்தாத்தான் பிழைக்கும்.

வீட்டுல வெள்ளெலி வளர்க்கிறவங்க (ஹாஸ்டல்னா வார்டன் மன்னிக்கணும்!) கவனிங்க. 'காலைல பத்து இருந்துச்சு, சாயந்திரம் ஏழுதான், அம்மாவே தின்னுடுச்சு'னு புலம்பறோம். பாவம், பல சமயம் அது தின்னது ஏற்கெனவே செத்த குஞ்சைத்தான். அரை மணிக்கொரு தடவை கூண்டைத் திறந்து, டார்ச் அடிச்சு, கூட்டைக் கலைச்சா அம்மா மிரண்டு உயிரோட இருக்கறதையும் கொன்னுடலாம். தீனி, தண்ணி வெச்சுட்டு விலகிடுங்க. ஒரே ஒரு செக்கிங் போதும். மெல்லிய தோல் வழியா வயித்துல வெள்ளையா ஒரு பட்டை தெரிஞ்சா, பால் குடிச்சிருக்குனு அர்த்தம். அப்பா எலியை பிரசவத்துக்கு முன்னாடியே தனிக் கூண்டுக்கு மாத்திடுங்க. இல்லைனா அன்னிக்கே அடுத்த கர்ப்பம்!

அம்மா செத்துட்டா? உடனே பால் ஊத்தாதீங்க. முதல்ல கதகதப்பு. சில்லிட்ட வயித்துல பால் செரிக்காது. அப்புறம் சொட்டுச் சொட்டா. மூக்குல பால் வந்தா நிறுத்துங்க, நுரையீரலுக்குப் போயிடும். குடிச்சதும் வெதுவெதுப்பான ஈரப் பஞ்சால அடிவயித்தைத் தடவணும். அம்மா நக்கி விட்டாத்தான் அதுக்கு மூத்திரமே வரும். இவ்வளவு செஞ்சும் நிறைய குஞ்சுங்க பிழைக்காது. அதே வயசுக் குஞ்சுகளோட வேற தாய் எலி இருந்தா, அங்கே சேர்க்கறதுதான் பெஸ்ட். வயல் எலி, பரண் எலினா வெறுங்கையால தொடவே வேணாம். எலிக்காய்ச்சல் ரிஸ்க்.

இந்த நக்கல் வேற லெவல் நக்கல்! அமெரிக்காவுல டியூக் பல்கலைக்கழகத்தின் சால் ஷான்பெர்க் குழு, அம்மாகிட்டேருந்து பிரிச்ச குஞ்சுகளுக்கு வளர்ச்சி ஹார்மோன் குறையறதைக் கவனிச்சாங்க. ஈர பிரஷ்ஷால, அம்மா நாக்கு மாதிரி வருடினாங்க. ஹார்மோன் திரும்ப ஏறுச்சு! இதே வழியில டிஃபனி ஃபீல்ட்ங்கற உளவியலாளர், குறைமாதக் குழந்தைகளை தினம் 3 தடவை, 15 நிமிஷம், 10 நாள் வருடிவிட்டுப் பார்த்தார். 1986-ல ரிசல்ட் வந்துச்சு. வருடப்பட்ட குழந்தைங்க மத்தவங்களைவிட தினம் 47 சதவிகிதம் அதிகமா எடை கூடினாங்க, 6 நாள் முன்னாடியே வீட்டுக்குப் போனாங்க. ரெண்டு பக்கமும் குடிச்ச பால் என்னவோ ஒரே அளவுதான்!