உல்லாசக் கப்பலில் ஏறுமுன்

பெற்றோரை உல்லாசக் கப்பலில் அழைத்துச் செல்லப் பணம் சேர்க்கும் நண்பர்கள் ஒன்றை அறிந்துகொள்ள வேண்டும்: கப்பலின் பயண அட்டவணை மாறக்கூடியது.

சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட் செல்லும் பயணத்தையே எடுத்துக்கொள்வோம். பினாங்கில் கப்பல் துறைமேடையை ஒட்டி நிற்கும்; இறங்கி நடந்தால் ஜார்ஜ்டவுன். புக்கெட்டின் பாத்தோங்கிலோ பெரிய கப்பல்கள் கரைக்கு அப்பால் நங்கூரமிடும். சிறு படகுகளே பயணிகளைக் கரைசேர்க்கும். மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்றால் அங்கே அலைகள் உயரும். (பல பல்கலைக்கழகங்களின் நீண்ட விடுமுறையும் அப்போதுதான்!) அலை மிகுந்தால் கப்பல் தலைவர் அத்துறையைத் தவிர்த்துவிடலாம். பயண ஒப்பந்தமே அவருக்கு அந்த உரிமையைத் தருகிறது. பெரும்பாலும் துறைமுகக் கட்டணம் மட்டுமே நமக்குத் திரும்பக் கிடைக்கும். வெளியே முன்பணம் கட்டிய தீவுச் சுற்றுலா போனதுதான். கப்பல் வழியாகப் பதிந்திருந்தால் அப்பணம் திரும்பும். சுற்றுலா தாமதமானாலும் பொதுவாகக் கப்பல் காத்திருக்கும்.

தாய்லாந்து நேரம் நம்மைவிட ஒரு மணி நேரம் பிந்தியது. கரையில் கைப்பேசி தானாக மாறிக்கொள்ளும்; கப்பல் நேரம் மாறாமலிருக்கலாம். இறங்குமுன் கேட்டுக் கைக்கடிகாரத்தைச் சரிசெய்துகொள்ளுங்கள்.

கடப்பிதழையும் பெற்றோரின் மருந்துகளையும் கைப்பையிலேயே வைத்திருங்கள். துறைமுகத்தில் ஒப்படைக்கும் பெட்டி அறைக்கு வந்துசேரச் சில மணி நேரமாகும்.