பேசுவதற்கும் ஒரு பட்டமா?

க.பொ.த. உயர்தரப் பரீட்சையின் பெறுபேறுகள் வெளிவந்து, பல்கலைக்கழக விண்ணப்பங்களை நிரப்பும் காலம் வந்துவிட்டால், பாடசாலை அதிபரின் அறை ஒரு சிறு நியாயசபையாகவே மாறிவிடும். பிள்ளை ஒரு பக்கம், பெற்றோர் மறு பக்கம், நடுவே அதிபர். அத்தகைய நாளொன்றில், கலைப்பிரிவில் நல்ல பெறுபேறு பெற்ற மாணவி ஒருத்தி தன் தந்தையாருடன் என்னிடம் வந்தாள். தொடர்பியலும் ஊடகமும் பயிலவேண்டும் என்பது மகளின் விருப்பம். ஆசிரியத் தொழிலுக்கோ அரசாங்க உத்தியோகத்துக்கோ நேரே வழிகாட்டும் பாடத்தை எடுக்கவேண்டும் என்பது தந்தையின் எண்ணம். அவர் சினங்கொள்ளவில்லை. மிக அமைதியாக ஒரு வினாவை மாத்திரம் கேட்டார்: "அதிபர் ஐயா, வைத்தியத்துக்குப் பட்டம் உண்டு, சட்டத்துக்குப் பட்டம் உண்டு. பேசுவதற்கும் ஒரு பட்டமா?"

அவ்வினாவுக்கு அன்று நான் கூறிய விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. "ஒரு கிழமை கழித்து வாருங்கள்" என்று அனுப்பிவிட்டேன். அந்த ஒரு கிழமையில் நூல்களைப் புரட்டியும் சிந்தித்தும் நான் கண்டவற்றையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகின்றேன். இதே வினா உங்களிற் பலருடைய வீடுகளிலும் எழுந்திருக்கும் என்று நம்புகின்றேன்.

முதற்கண், இக்கல்வி எதனை ஆராய்கின்றது என்பதைத் தெளிவாக்கிக் கொள்வோம். ஒலிவாங்கியின் முன் இனிமையாகப் பேசுவதும், பத்திரிகைக்கு விரைவாக எழுதுவதும், படக் கருவியைத் திறம்பட இயக்குவதும் இக்கல்வியின் கைத்தொழிற் பகுதிகள். அவை வேண்டியனவே. ஆயினும் கல்வியின் உயிர் அவற்றில் இல்லை. 1948 ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் ஹரல்ட் லாஸ்வெல் இத்துறையின் எல்லையை ஐந்து வினாக்களுக்குள் அடக்கிக் காட்டினார். சொல்பவர் யார், சொல்லப்படும் பொருள் யாது, அது செல்லும் வழி யாது, அதனைப் பெறுபவர் யார், அதனால் விளையும் பயன் யாது என்பனவே அவை. ஒரு செய்தி புறப்படும் இடத்திலிருந்து அது மனித மனத்திலே முளைவிடும் இடம் வரையுள்ள முழுப் பயணத்தையும் இவ்வைந்தும் அளந்துவிடுகின்றன.

இதனைப் படித்தபோது, தமிழ் மாணவனாகிய எனக்கு நன்னூலின் நினைவு வந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த பவணந்தி முனிவர், தம் இலக்கண நூலின் பொதுப்பாயிரத்தில் நூல், அதனைக் கற்பிப்போன், கற்பிக்கும் முறை, கற்போன், அவன் அதனைக் கொள்ளும் முறை என ஐந்தினை வகுத்து ஆராய்கின்றார். இவர் வகுத்தது வகுப்பறைக்கு. லாஸ்வெல் வகுத்தது பத்திரிகைக்கும் வானொலிக்கும். இரண்டும் ஒன்றென்று நான் கூறவரவில்லை. ஆயினும், சொல்வோனை மாத்திரம் பார்த்தாற் போதாது, கேட்போனையும் பார்க்கவேண்டும் என்னும் அறிவு நமக்குப் புதியதன்று. திருக்குறளிலே சொல்வன்மைக்கு ஓர் அதிகாரம் உண்டு. அவையறிதலுக்கும் தூதுக்கும் தனித்தனி அதிகாரங்கள் உண்டு. கேள்வி என்னும் செல்வத்துக்கும் ஓர் அதிகாரம் உண்டு. பேச்சு கற்கத்தக்க பொருள் என்பதை நம் முன்னோர் ஐயுற்றதே இல்லை.

நிற்க. பல்கலைக்கழகங்கள் இதனைத் தம் வாயிலுக்குள் எப்போது அனுமதித்தன? 1908 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிசூரிப் பல்கலைக்கழகத்திலே, வோல்ற்றர் வில்லியம்ஸ் என்னும் பத்திரிகையாளரின் தலைமையில் பத்திரிகைக் கல்லூரி ஒன்று தொடங்கப்பெற்றது. நான்கு ஆண்டுகளின் பின், 1912 இல், நியூயோர்க்கிலுள்ள கொலம்பியாப் பல்கலைக்கழகத்திலும் அத்தகைய கல்லூரி எழுந்தது. பத்திரிகை உரிமையாளரான ஜோசப் புலிற்சர் விட்டுச்சென்ற நன்கொடையே அதற்கு அடித்தளமாயிற்று. பத்திரிகைத் தொழிலைக் காரியாலயத்தில் இருந்தே பழகிக்கொள்ளலாம், அதற்குக் கல்லூரி எதற்கு என்று அக்காலத்திலும் பலர் கேட்டனர். ஆகவே என் முன் அமர்ந்திருந்த தந்தையார் கேட்டது நூறாண்டு பழைமை வாய்ந்த வினாவேயாகும்.

பத்திரிகைக் கல்வி தொடர்பியற் கல்வியாக விரிந்ததற்குக் காரணம் வானொலியும் உலகப் போர்களும் எனலாம். ஒருவரின் குரலை ஒரே கணத்திற் கோடிக்கணக்கானோர் கேட்கும் நிலை அதற்கு முன் மனித வரலாற்றில் இருந்ததில்லை. நம் நாட்டிலும் 1925 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 16 ஆம் நாள் கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கப்பெற்றது. அத்தகைய குரல் மக்களை என்ன செய்யும் என்னும் அச்சமும் ஆவலும் அறிஞர்களை ஆய்வுக்குத் தூண்டின.

இதற்கு ஓர் உதாரணம் கூறுவேன். வானொலி நேயர்களுக்கு இது சுவைக்கும். 1938 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் நாள் இரவு, அமெரிக்க வானொலியில் ஓர்சன் வெல்ஸ் என்னும் இளங்கலைஞர் ஒரு நாடகத்தை ஒலிபரப்பினார். செவ்வாய்க் கிரகத்தவர் பூமியின் மீது படையெடுப்பதாக எச்.ஜி. வெல்ஸ் எழுதிய நாவலைத் தழுவிய அந்நாடகம், செய்தி அறிக்கைகளைப் போலவே அமைக்கப்பட்டிருந்தது. அதனை உண்மையென எண்ணிப் பலர் அஞ்சினர். பிரின்ஸ்ரன் பல்கலைக்கழகத்து உளவியலாளர் ஹட்லி கன்ரில் 135 பேரை நேரிற் கண்டு வினவி, 1940 இல் அதுபற்றி ஒரு நூல் வெளியிட்டார். அஞ்சியவர்கள் யார், அஞ்சாதவர்கள் யார் என்று அவர் ஆராய்ந்தார். வேறொரு நிலையத்தைத் திருப்பிப் பார்த்தவர்களும், கேட்டதைத் தம் அறிவுகொண்டு சீர்தூக்கியவர்களும் அஞ்சாது இருந்தனர் எனக் கண்டார்.

கதை இதனோடு முடியவில்லை. நாடே பீதியில் ஓடியது என்று மறுநாட் பத்திரிகைகள் எழுதின. அப்பத்திரிகைகள் அந்நிகழ்ச்சியைப் பெரிதும் மிகைப்படுத்திவிட்டன என்று பிற்கால ஆய்வாளர் காட்டியுள்ளனர். விளம்பர வருமானத்திற் பத்திரிகைக்கு வானொலி போட்டியாக வளர்ந்துகொண்டிருந்த காலம் அது. ஆகவே, வானொலி செய்த மயக்கம் ஒன்று. அம்மயக்கத்தைப் பற்றிப் பத்திரிகை செய்த மயக்கம் மற்றொன்று. முதலாவதைக் கண்டு நகைத்தவர்கள் இரண்டாவதைப் பல ஆண்டுகள் நம்பினர். சொல்வோன் யார், அவனுக்கு அதனால் விளையும் பயன் யாது என்று கேட்கும் பழக்கம் எவ்வளவு இன்றியமையாதது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

இன்னொரு முடிவும் குறிப்பிடத்தக்கது. 1940 ஆம் ஆண்டு அமெரிக்க சனாதிபதித் தேர்தலின்போது, போல் லாசர்ஸ்பெல்ட் என்னும் அறிஞரும் அவருடைய துணைவரும் ஒஹையோ மாநிலத்தின் ஈரி என்னும் மாவட்டத்திலே வாக்காளர்களைப் பல மாதங்கள் தொடர்ந்து வினவினர். வானொலியும் பத்திரிகையும் மக்களின் மனத்தை நேரே மாற்றிவிடும் என்னும் எதிர்பார்ப்பு அங்கே பொய்த்தது. ஊரில் நன்மதிப்புடைய சிலர் முதலிற் கேட்டும் படித்தும் அறிகின்றனர். ஏனையோர் அவர்களின் வாய்மொழி மூலமாகவே கருத்துக் கொள்கின்றனர் எனக் கண்டனர். நம் கிராமத்து வாசிகசாலைகளை அறிந்தவர்களுக்கு இது வியப்பளிக்காது. ஒருவர் பத்திரிகையை உரத்து வாசிக்க, பத்துப்பேர் சூழ்ந்திருந்து கேட்க, வாசித்தவர் கூறும் பொழிப்புரையே ஊரின் கருத்தாகிவிடுவதை நான் சிறுவயதிற் கண்டிருக்கின்றேன்.

இவையெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் அல்லவா என்று கேட்கத் தோன்றும். அதற்கு விடை நம் கரையிலேயே உண்டு. 2004 ஆம் ஆண்டு டிசெம்பர் 26 ஆம் நாள் காலை ஏழு மணியளவில் சுமாத்திராவை அடுத்த கடலடியிலே நிலம் நடுங்கிற்று. அங்கே எழுந்த பேரலை நம் கிழக்குக் கரையை அடைய ஏறத்தாழ ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரம் வரை சென்றது. பசிபிக் சமுத்திரத்துக்கான எச்சரிக்கை நிலையம் அந்த நடுக்கத்தைப் பதிவுசெய்திருந்தது. ஆனால் அதன் முழு வலிமை உடனே புலப்படவில்லை. இந்து சமுத்திரக் கரையோர மக்களுக்குச் செய்தியைக் கொண்டுசேர்க்கும் ஒழுங்கும் அன்று இருக்கவில்லை. நம் நாட்டில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். வானொலி இருந்தது; தொலைக்காட்சி இருந்தது; தொலைபேசியும் இருந்தது. கருவிகள் இருந்தும் செய்திக்கு வழி இருக்கவில்லை.

அதே காலையில், நடுக்கம் தோன்றிய இடத்துக்கு மிக அண்மையிலுள்ள சிமெலுவே என்னும் இந்தோனேசியத் தீவைப் பாருங்கள். அங்கே சில நிமிடங்களிலேயே அலை வந்துவிட்டது. எச்சரிக்கைக் கருவி எதுவும் இல்லை. ஆயினும் ஏறத்தாழ 78,000 மக்கள் வாழ்ந்த அத்தீவில் மாண்டவர் எழுவரே. காரணம் யாது? 1907 ஆம் ஆண்டில் அத்தீவைப் பேரலை ஒன்று அழித்தது. தப்பியவர்கள் அதனை 'ஸ்மோங்' எனப் பெயரிட்டு, நிலம் பலமாக நடுங்கிக் கடல் வற்றினால் மலைக்கு ஓடு என்று தம் பிள்ளைகளுக்குக் கதையாகவும் பாட்டாகவும் சொல்லிவைத்தனர். அந்தக் கதை கிட்டத்தட்ட நூறாண்டு கடந்து வந்து ஒரு தீவைக் காத்தது.

லாஸ்வெல்லின் ஐந்து வினாக்களை இங்கே பொருத்திப் பாருங்கள். சொன்னவர் பாட்டி, பொருள் ஒரே ஒரு கட்டளை, வழி தாலாட்டும் கதையும், பெற்றவர் பேரக் குழந்தை, பயன் உயிர். பேச்சு இயல்பாகவே வரும், அதற்குக் கல்வி வேண்டா என்போர் இந்த இரண்டு கரைகளையும் ஒப்புநோக்குதல் வேண்டும். 2005 ஆம் ஆண்டில் நம் நாட்டில் அனர்த்த முகாமைத்துவ நிலையம் அமைக்கப்பட்டதும், கரையோரங்களில் எச்சரிக்கைக் கோபுரங்கள் எழுந்ததும் அந்தப் பாடத்தின் பயனேயாகும். கோபுரம் ஒலித்தால் அதனை நம்பி மக்கள் எழுந்து நடப்பார்களா, எந்த மொழியில், எந்தச் சொல்லிற் சொன்னால் நடப்பார்கள் என்பது பொறியியல் வினா அன்று. அது தொடர்பியல் வினா.

இனி, நம் நாட்டில் இக்கல்வியைப் பயிலும் இடங்களைக் குறிப்பிடுவேன். களனிப் பல்கலைக்கழகம் வெகுசனத் தொடர்பியலைப் பல ஆண்டுகளாகக் கற்பித்து வருகின்றது. ஹொரணைக்கு அருகே, 1934 இல் இரவீந்திரநாத் தாகூர் அடிக்கல் நாட்டிய ஸ்ரீபாலி நிலையம், இன்று கொழும்புப் பல்கலைக்கழகத்தின் வளாகமாக இருந்து ஊடகக் கல்வியை அளிக்கின்றது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலே தொடர்பாடற் கற்கைக்கென ஒரு பீடமே பங்குகொள்கின்றது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் ஊடகக் கற்கைகளுக்குத் துறை உண்டு. போதனா மொழியும் அனுமதித் தகைமையும் இடத்துக்கு இடம் வேறுபடும். ஆதலின், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஆண்டுதோறும் வெளியிடும் கைநூலை முழுமையாக வாசித்த பின்னரே விண்ணப்பத்தை நிரப்புதல் வேண்டும். நண்பன் சொன்னான் என்று நிரப்பிப் பின்னர் வருந்திய மாணவர் சிலரை நான் அறிவேன். தொடர்பியல் பயிலப் புறப்பட்டவர் செவிவழிச் செய்தியை நம்பி ஏமாறுதல் பொருத்தமன்று!

இக்கல்வியைத் தெரிவு செய்யும் பிள்ளைகளுக்கு மூன்று விடயங்களைக் கூற விரும்புகின்றேன். முதலாவது, மொழி. தாய்மொழியிற் பிழையின்றி எழுதவியலாதவருக்கு எந்தக் கருவியும் கைகொடாது. அதனோடு சிங்களமும் ஆங்கிலமும் அறிந்தவரே இந்நாட்டில் ஒருவர் சொல்வதை மற்றவருக்கு எடுத்துச் செல்ல வல்லவர். இரண்டாவது, பொருள். எப்படிச் சொல்வது என்பதை மாத்திரம் கற்று, எதைச் சொல்வது என்பதை அறியாதவர் வெறுங்குடம் ஆவர். வரலாறோ பொருளியலோ சட்டமோ சுகாதாரமோ, ஒரு துறையை ஆழமாகக் கற்றல் வேண்டும். பேராசிரியர் கைலாசபதி தினகரன் ஆசிரியராக இருந்து, பின்னர் பல்கலைக்கழகம் புகுந்து, 1974 இல் யாழ்ப்பாண வளாகத்தின் முதலாவது தலைவரானார். அவருடைய பத்திரிகைப் பணிக்குத் தமிழிலக்கியப் புலமை துணைநின்றது. மூன்றாவது, ஐயம். இன்று இயந்திரமே ஒருவரின் முகத்தையும் குரலையும் பொய்யாகப் படைத்துவிடுகின்றது. கையிலுள்ள தொலைபேசியில் வந்ததை அடுத்த கணமே பிறருக்கு அனுப்பும் காலம் இது. அனுப்புமுன் நிறுத்தி, இது யார் சொன்னது, எதனால் உண்மை என்று கேட்பதே இக்கல்வியின் முதற்பாடமும் இறுதிப்பாடமும் ஆகும்.

ஒரு கிழமை கழித்து அந்தத் தந்தையாரும் மகளும் மீண்டும் வந்தனர். மேற்கூறியவற்றிற் சிலவற்றை நான் எடுத்துரைத்தேன். எங்கள் ஊரும் கரையோர ஊர். சிமெலுவேத் தீவின் கதையைக் கேட்ட பின்னர் அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்பு, "உத்தியோகம் கிடைக்குமா, ஐயா?" என்றார். "உறுதி கூற மாட்டேன். பத்திரிகை, வானொலி, தொலைக்காட்சி தவிர, சுகாதாரம், கல்வி, அனர்த்த உதவி, நிறுவனங்களின் மக்கள் தொடர்பு முதலிய துறைகளிலும் இத்தகையோருக்குத் தேவை உண்டு. ஆனால் பட்டம் கதவைத் தட்டும், திறப்பது உழைப்பே" என்றேன். உள்ளதை உள்ளவாறு சொல்வதன்றி எனக்கு வேறு வழி இருக்கவில்லை. அன்று நாங்கள் பேசிக்கொண்டிருந்த பொருளே அதுதானே!

விண்ணப்பத்தில் முதலாம் இடத்தில் மகள் தன் விருப்பத்தை எழுதினாள். இரண்டாம் இடத்தில் தந்தையின் விருப்பத்தை எழுதினாள். இருவரும் கையெழுத்திட்டனர்.

நேயர்களே, பேசுவதற்குப் பட்டம் வேண்டியதில்லை. பேசியது எங்கே சென்றது, யாரை அடைந்தது, என்ன செய்தது என்பதை அறிவதற்கே கல்வி வேண்டும். அக்கல்வியை உங்கள் பிள்ளை நாடினால், தடுக்குமுன் ஒரு கிழமை சிந்தியுங்கள்.