எலுமிச்சைத் தோப்பைத் தின்ற ஊர்

சுட்டிகளே! “ஸ்மார்ட் சிட்டி, ஸ்மார்ட் சிட்டி என்கிறார்களே, ஊருக்குக்கூட மூளை உண்டா மாமா?” என்று யாராவது கேட்டால் முதுகில் தட்டிக்கொடுப்பேன். அருமையான கேள்வி! பதில் தேட இத்தாலிக்குப் போவோமா?

சிசிலித் தீவின் தலைநகர் பலேர்மோ. நமக்கு முற்றிலும் அந்நியமான ஊர் அல்ல. இலங்கையிலிருந்து போன தமிழர்கள் பலர் அங்கே வாழ்கிறார்கள். ஊரைக் காக்கும் புனித ரோசலியாவை வணங்க பெல்லெக்ரினோ மலை ஏறுகிறவர்களில் நம் இந்துத் தமிழர்களும் உண்டு!

மலைக்கும் கடலுக்கும் நடுவே ஒரு சமவெளி. அதன் பெயர் கோன்கா தோரோ. ஒரு காலத்தில் அது முழுக்க எலுமிச்சை, ஆரஞ்சுத் தோப்புகள். இன்றோ பெரும்பகுதி அடுக்குமாடிகள்.

என்ன நடந்தது? இரண்டாம் உலகப் போரில் பழைய நகரத்தின்மேல் குண்டுகள் விழுந்தன. பல வீடுகள் போயின. கிராமத்து மக்களும் வேலை தேடி வந்தார்கள். ஆக, வீடு தேவைதான், அதில் தப்பில்லை. ஆனால் 1950, 60களில் அரசியல்வாதிகள் சிலரும் மாஃபியாக் கும்பலும் கைகோத்துக்கொண்டார்கள். கட்டட அனுமதிகள் மளமளவென்று கிடைத்தன. தோப்புகள் விழுந்தன. எர்னெஸ்தோ பசீலே என்ற பெரிய கட்டடக் கலைஞர் வடிவமைத்த வில்லா தெலியெல்லா என்ற அழகு மாளிகையை 1959-இல் இடித்துவிட்டார்கள். அந்தக் காலத்தைப் ‘பலேர்மோவின் சூறை’ என்றே ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள். சரியான பெயர்தான்!

இப்போது கணக்குக்கு வருவோம். பயப்படாதே, சின்னக் கணக்குதான்.

மாம்பழம் வாங்கும்போது பெரிதாக இருக்கிறதா என்று மட்டுமா பார்க்கிறாய்? முகர்ந்து பார்க்கிறாய், காம்பைப் பார்க்கிறாய், லேசாக அமுக்கிப் பார்க்கிறாய். ஊரையும் அப்படித்தான் பல விதமாக அளக்க வேண்டும். ஐக்கிய நாடுகள் சபை 2015-இல் 17 இலக்குகளை வகுத்தது. அதில் 11-வது, நகரங்களுக்கானது. அதற்குள் எனக்குப் பிடித்த ஓர் அளவுகோல் இருக்கிறது: ஊர் எவ்வளவு வேகமாக நிலத்தைத் தின்கிறது, மக்கள் எவ்வளவு வேகமாகப் பெருகுகிறார்கள்? முதலாவதை இரண்டாவதால் வகுக்க வேண்டும்.

ஒரு கற்பனை ஊர். பத்து ஆண்டில் மக்கள் 20 சதவீதம் கூடினார்கள். கட்டடம் நிறைந்த நிலம் 40 சதவீதம் கூடியது. 40-ஐ 20-ஆல் வகுத்தால்? சபாஷ், 2! மக்கள் கூடியதைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் நிலம் போகிறது. 1-க்கு மேலே போனால் கொஞ்சம் கவலைப்படு. புரிந்ததா? புரியாவிட்டால் இந்தப் பத்தியை இன்னொரு முறை படி, நான் காத்திருக்கிறேன்.

பலேர்மோவில் 1951-இல் சுமார் 4.9 லட்சம் பேர். 1981-இல் சுமார் 7 லட்சம். இப்போது? சுமார் 6.3 லட்சம்தான்! மக்கள் குறைந்துவிட்டார்கள். கான்கிரீட் குறைந்ததா? குறையாது. அதுதான் கான்கிரீட்டின் குணம். தோப்பை ஒரே நாளில் வெட்டலாம். அடுக்குமாடியை மறுபடி தோப்பாக்க முடியுமா, சொல்!

“தோப்பு போனால் போகட்டும், அதனால் என்ன?” என்கிறாயா? கேள், கேள்.

ஒரு சதுர மீட்டர் இடத்தில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால், அது 1 லிட்டர் தண்ணீர். 100 மில்லிமீட்டர் பெய்தால் 100 லிட்டர். தோப்பு மண் அதில் ஒரு பங்கைக் குடிக்கும். சிமென்டுத் தரை குடிக்குமா? ஏறக்குறைய எல்லாமே பள்ளத்தை நோக்கி ஓடும்.

2020 ஜூலை 15. புனித ரோசலியாவின் திருநாள். சில மணி நேரத்தில் பலேர்மோவில் 100 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. கோடையில் அங்கே அவ்வளவு மழையை யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள். வியாலே ரெஜியோனே சிசிலியானா என்ற பெருஞ்சாலையின் சுரங்கப்பாதைகளில் கார்கள் மூழ்கின. உள்ளே இருந்தவர்கள் நீந்தி வெளியே வந்தார்கள். மழைதான் பெரிய காரணம். ஆனால் மண் மூடப்பட்டதும், வடிகால் போதாததும் சேர்ந்துகொண்டன. அந்த நகரத்தின் அடியில் பாப்பிரேத்தோ, கெமோனியா என்று இரண்டு பழைய ஆறுகள் வேறு மூடிக் கிடக்கின்றன. சென்னைப் பிள்ளைகளுக்கு 2015 டிசம்பர் வெள்ளமும், கட்டடங்களால் சுருங்கிய பள்ளிக்கரணைச் சதுப்புநிலமும் இந்நேரம் நினைவுக்கு வந்திருக்கும்.

பலேர்மோ சும்மா இருக்கவில்லை. 2015 கடைசியில் டிராம் ஓடத் தொடங்கியது. பழைய நகரத்தின் மக்கேதா தெருவில் ஒரு பகுதி, நடப்பவர்களுக்கென்றே விடப்பட்டது. இதையும் அளக்கலாம்: வீட்டிலிருந்து எத்தனை பேர் 500 மீட்டருக்குள் ஒரு நிறுத்தத்துக்குப் போக முடிகிறது? அதுவும் உலக அளவுகோல்தான்.

கம்பத்துக்குக் கம்பம் கேமரா மாட்டினால் ஊர் ஸ்மார்ட் ஆகிவிடாது என்பது உங்கள் மாமாவின் கட்சி. மழை எங்கே பெய்கிறது, எங்கே போகிறது என்று தெரிந்த ஊர்தான் கெட்டிக்கார ஊர்.

இந்த ஞாயிற்றுக்கிழமை உனக்கு ஒரு வேலை. டேப் எடு, உன் வீட்டு மொட்டைமாடியின் நீள அகலத்தை மீட்டரில் அள. இரண்டையும் பெருக்கு. அடுத்த மழைக்குப் பிறகு, எத்தனை மில்லிமீட்டர் பெய்தது என்று செய்தித்தாளில் பார்த்து அதனாலும் பெருக்கு. வருகிற விடை லிட்டர் கணக்கு. அத்தனை லிட்டரும் உன் வீட்டிலிருந்து எங்கே போகிறது என்று கண்டுபிடித்து எனக்கு எழுது.